எதிரியின் குழந்தைகளுக்குப் புத்தகம்

சிறார் இலக்கிய விருதுகளின் கதை – 6

சென்ற வாரம் லண்டனில் நிறுத்தியிருந்தோம். பிரிட்டிஷ் நூலகர்கள் கார்னகி பதக்கத்தை உருவாக்கியதையும், முதல் பதக்கம் ஆர்தர் ரான்சமுக்குப் போனதையும் பார்த்தோம். அதற்கு வெகு முன்பே, 1922-ல், அமெரிக்கா நியூபெரி பதக்கத்தோடு பிள்ளையார் சுழி போட்டிருந்தது. 1938-ல் படப்புத்தக ஓவியர்களுக்கென்று கால்டெகாட் பதக்கமும் வந்து சேர்ந்தது.

மூன்றுமே மதிப்புமிக்க விருதுகள். மூன்றையும் சுற்றி ஒரு வேலி இருந்தது. அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும்தான் நியூபெரி. கல்கத்தா பக்கத்தில் பிறந்த தன் கோபால் முகர்ஜி 1928-ல் ஒரு புறாவின் கதைக்காக அதை வாங்கினார். அமெரிக்காவில் குடியேறி, ஆங்கிலத்தில் எழுதி, நியூயார்க்கில் அச்சிட்டதால் அவருக்கு அது சாத்தியமானது. அதே கதையை அவர் கல்கத்தாவில் உட்கார்ந்து வங்காளத்தில் எழுதியிருந்தால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், அந்தப் பக்கமே போயிருக்க முடியாது.

ஆக, 1945 வரை நிலவரம் இதுதான். பணக்கார நாடுகள் தத்தம் பிள்ளைகளின் புத்தகங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொண்டிருந்தன. எந்த நாட்டில், எந்த மொழியில் எழுதினாலும் பரவாயில்லை, நல்ல புத்தகமாக இருந்தால் போதும் என்று சொல்லும் விருது ஒன்றுகூட இல்லை.

அப்படி ஒரு விருது வரவேண்டுமென்றால் யார் ஆரம்பித்திருக்க வேண்டும்? ஏதாவது ஒரு கோடீஸ்வரர். அல்லது ஓர் அரசாங்கம். வந்தவரோ, சொந்த நாட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பத்திரிகைக்காரப் பெண்மணி.

★

1945 அக்டோபர் கடைசி. லண்டனிலிருந்து கிளம்பிய விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது. அமெரிக்க ராணுவச் சீருடையில் ஒரு பெண் இறங்கி வருகிறார். வயது 54. பெயர், யெல்லா லெப்மன்.

சீருடை அமெரிக்காவுடையது. கிளம்பி வந்தது இங்கிலாந்திலிருந்து. பிறந்து வளர்ந்தது மட்டும் இதே ஜெர்மனியில்.

1891-ல் ஸ்டட்கார்ட் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதிலேயே, புகையிலை ஆலையில் வேலை பார்த்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக ஒரு வாசிப்பறை தொடங்கினார். பிறகு திருமணம், இரண்டு குழந்தைகள். 1922-ல் கணவர் இறந்துபோனார். முப்பத்தொரு வயதில் தனியாளாக நின்றவர், உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, எழுதியும் தொகுத்தும் பிள்ளைகளை வளர்த்தார்.

1933-ல் ஹிட்லர் வந்தார். யூதப் பெண்ணுக்குப் பத்திரிகையில் என்ன வேலை? கொஞ்ச காலம் வெளியிலிருந்து எழுதிப் பார்த்தார். அதற்கும் வழி அடைபட்டது. 1936-ல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இத்தாலி வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். போர்க்காலத்தில் வானொலி வேலை. நாஜி ஜெர்மனியில் பெண்களின் நிலை பற்றிப் புனைபெயரில் ஒரு புத்தகமும் எழுதினார்.

போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் அவரைக் கூப்பிட்டது. தங்கள் வசம் இருக்கும் ஜெர்மன் பகுதியில் பெண்கள், இளைஞர்கள் விவகாரங்களுக்கு ஆலோசகர் வேண்டும், வருகிறீர்களா?

உடனே சரி சொல்ல அவரால் முடியவில்லை. எப்படி முடியும்? துரத்திய ஊருக்கு, துரத்தியவர்களுக்கு உதவி செய்ய மறுபடி போவதா? நாள் கணக்கில் யோசித்தார். பெரியவர்களுக்காக என்றால் போயிருக்க மாட்டார். குழந்தைகள் என்ன தப்பு செய்தார்கள் என்ற கேள்விதான் அவரை விமானம் ஏற்றியது.

★

பாட் ஹோம்பர்க் என்ற ஊரில் அலுவலகம். சுற்றிப் பார்க்க ஜீப்.

பார்த்த இடமெல்லாம் செங்கல் குவியல். நகரங்களின் பெயர்ப் பலகைகள் மட்டும் நின்றன, நகரங்களைக் காணோம். குவியல்களுக்கு நடுவே குழந்தைகள் விறகும் கரியும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடக் கட்டடங்கள் பாதி விழுந்துவிட்டன. நின்றவற்றில் ஆசிரியர்கள் இல்லை. ஆசிரியர்கள் கிடைத்த இடத்தில் பாடப்புத்தகம் இல்லை. பன்னிரண்டு வருட நாஜி ஆட்சியில் அச்சான பாடப்புத்தகங்களில் நஞ்சு கலந்திருந்தது என்று நேச நாடுகள் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டன.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 1945-ல் பத்து வயதான ஒரு ஜெர்மன் குழந்தை பிறந்ததே ஹிட்லர் ஆட்சியில்தான். பக்கத்து நாட்டுக் குழந்தை என்ன படிக்கிறது, என்ன கதை கேட்கிறது என்று அதற்குத் தெரிய வாய்ப்பே இருந்ததில்லை. வெளிநாட்டான் என்றால் எதிரி. அவ்வளவுதான் அதன் பூகோளப் பாடம்.

லெப்மனுக்கு ஒரு யோசனை தோன்றியது. உலக நாடுகளின் நல்ல குழந்தைப் புத்தகங்களைத் திரட்டி ஜெர்மனியில் ஒரு கண்காட்சி வைத்தால் என்ன?

கேட்பதற்கு இன்று சாதாரணமாக இருக்கலாம். அன்று அது கிட்டத்தட்டப் பைத்தியக்காரத்தனம். ரொட்டிக்கே வரிசையில் நிற்கிற இடத்தில் புத்தகமா? புத்தகம் வாங்கப் பணம் எங்கே? ராணுவத்தின் பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. இருந்தாலும் ஜெனரல் ராபர்ட் மெக்ளூரைப் பார்த்துப் பேசினார். தகவல், பத்திரிகை, வானொலி எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தன. அனுமதி கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை.

பணம் இல்லாதவர்களுக்கு உலகத்தில் ஒரே வழிதான். கடிதம் எழுதிக் கேட்பது.

20 நாடுகளுக்குக் கடிதம் போனது.

★

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தத் தொடரில் நாம் பேசிக்கொண்டிருக்கும் சர்வதேச விருதின் வேர் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

கடிதம் யாருக்குப் போனது என்று பாருங்கள். பட்டியலில் இருந்த நாடுகளில் பலவும் ஓராண்டுக்கு முன்புவரை ஜெர்மன் பூட்ஸுக்கு அடியில் கிடந்தவை. ஆண்கள் செத்து, வீடுகள் எரிந்து, சொந்தக் குழந்தைகளுக்கே பாலும் ரொட்டியும் தேடிக்கொண்டிருந்தவை. அவர்களிடம் போய், உங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கியவர்களின் குழந்தைகளுக்கு உங்கள் ஊர்ப் புத்தகங்களை இலவசமாக அனுப்புங்கள் என்று கேட்கிறார், அதே ஜெர்மனியால் துரத்தப்பட்ட ஒரு யூதப் பெண்.

இந்தப் போருக்குக் குழந்தைகள் பொறுப்பல்ல, சமாதானத்தின் முதல் தூதாக அவர்களுக்கான புத்தகங்களே வரட்டும் என்பது கடிதத்தின் சாரம். படப்புத்தகங்களாக இருந்தால் விசேஷம் என்றும் கேட்டிருந்தார். மொழி தெரியாத குழந்தையும் பக்கத்தைப் புரட்டிக் கதையைப் பிடித்துக்கொள்ளுமே!

பதில்கள் வரத் தொடங்கின. பெல்ஜியத்திலிருந்து வந்த பதில் கசப்பானது. முடியாது. ஜெர்மானியர்கள் எங்கள் நாட்டுக்குள் இரண்டு தடவை புகுந்துவிட்டார்கள்.

பெல்ஜியத்தைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. லூவென் என்ற ஊரில் பெரும் புகழ்பெற்ற பல்கலைக்கழக நூலகம் ஒன்று இருந்தது. 1914 ஆகஸ்டில் உள்ளே நுழைந்த ஜெர்மன் படை அதற்குத் தீ வைத்தது. பல நூற்றாண்டுச் சுவடிகளும் ஏடுகளும் சாம்பலாயின. உலகமெங்கும் நன்கொடை திரட்டிக் கட்டடம் எழுப்பி, மறுபடி புத்தகம் அடுக்கினார்கள். 1940 மே மாதம் ஜெர்மனி மீண்டும் படையெடுத்தபோது அந்த நூலகம் இரண்டாம் தடவையாக எரிந்தது. இப்படி இரண்டு முறை நூலகத்தை இழந்த நாட்டிடம்தான், ஜெர்மனிக்குப் புத்தகம் தா என்று கேட்கிறார் லெப்மன்.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலைக் கோப்பில் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். பத்தொன்பது நாடுகள் மிச்சம் இருக்கின்றன, பெல்ஜியம் வராவிட்டால் குடி முழுகிவிடாது. லெப்மன் உட்கார்ந்து மறுகடிதம் எழுதினார். தயவுசெய்து இன்னொரு முறை யோசியுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு புதிய தொடக்கம் கிடைக்காமல் போனால், மூன்றாவது தடவையும் உங்கள் எல்லையைத் தாண்டப்போகிறவர்கள் இவர்கள்தானே?

கெஞ்சல் மாதிரித் தோன்றினாலும் இது கெஞ்சல் இல்லை, கணக்கு. பெல்ஜியத்தின் வலியைத் தன் வாதத்துக்கு எதிராக நிறுத்தாமல், அதையே தன் வாதமாக எடுத்துக்கொண்டார்.

பெல்ஜியம் அனுப்பியது. அதுவும் ஏனோதானோ என்று இல்லை, பொறுக்கி எடுத்த அருமையான தொகுப்பு.

★

அடுத்த பிரச்னை, இடம். இடியாமல் நிற்கிற பெரிய கட்டடம் ஒன்று வேண்டும்.

மியூனிக்கில் அப்படி ஒன்று இருந்தது. வரிசையாகத் தூண்கள் வைத்த பிரம்மாண்டமான கலை மாளிகை. ஹிட்லர் ஆசை ஆசையாகக் கட்டி, 1937-ல் தானே திறந்து வைத்தது. ஜெர்மானியக் கலைதான் கலை, மற்றதெல்லாம் குப்பை என்று உலகத்துக்குக் காட்டுவதற்காகவே எழுந்த கட்டடம் அது. போர் முடிந்ததும் அமெரிக்க அதிகாரிகள் அங்கே சாப்பிட்டு, ஆடிப்பாடிக்கொண்டிருந்தார்கள்.

1946 ஜூலை 3. அந்த மாளிகையில் சர்வதேசக் குழந்தைப் புத்தகக் கண்காட்சி திறக்கப்பட்டது. 14 நாடுகள். ஏறத்தாழ 4,000 புத்தகங்கள். கூடவே பல நாட்டுக் குழந்தைகள் வரைந்த ஓவியங்கள். போருக்குப் பிறகு ஜெர்மனியில் நடந்த முதல் சர்வதேசப் பண்பாட்டு நிகழ்ச்சி அதுதான்.

முதல் நிகழ்ச்சி ஓர் இசைக் கச்சேரியாக இருந்திருக்கலாம். நாடகமாக இருந்திருக்கலாம். பெரிய மனிதர்களின் மாநாடாக இருந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். குழந்தைப் புத்தகங்கள் முந்திக்கொண்டன.

சுவர் முழுக்க அடுக்கு. அடுக்கு முழுக்க வண்ணம். ஜெர்மன் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் தெரியாது. பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். படத்தை வைத்துக் கதையைப் பிடித்தார்கள். ஒரு கரடிக்கும் ஒரு யானைக்கும் எந்த நாட்டுக் குடியுரிமை என்று குழந்தை கேட்பதில்லை.

மியூனிக்கோடு நிற்கவில்லை. ஸ்டட்கார்ட், ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின் என்று கண்காட்சி ஊர் ஊராகப் போனது. லெப்மனுக்கு இன்னொன்று உறைத்ததும் இந்தப் பயணத்தில்தான். கண்காட்சிப் புத்தகத்தைப் பார்க்கலாம், தொடலாம். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கண்காட்சி அடுத்த ஊருக்குப் போனதும் குழந்தையின் கை காலி.

1946 கிறிஸ்துமஸுக்கு பெர்லினில் இருந்தபோது அதற்கும் ஒரு வழி செய்தார். மன்ரோ லீஃப் எழுதிய காளைக் கதை ஒன்று அவருக்கு மிகவும் பிடிக்கும். ஃபெர்டினாண்ட் என்ற ஸ்பெயின் நாட்டுக் காளை. சண்டைக்குப் போகச் சொன்னால் போகாது, மரத்தடியில் உட்கார்ந்து பூவை மோந்துகொண்டிருக்கும். 1936-ல் அமெரிக்காவில் வந்த அந்தப் புத்தகத்துக்கு நாஜி ஜெர்மனியில் தடை. சண்டை போடாத காளையை ஹிட்லர் அரசு வேறு எப்படி நடத்தியிருக்கும்? அதற்குப் படம் போட்டவர் ராபர்ட் லாசன். நியூபெரி, கால்டெகாட் இரண்டையும் வென்ற ஒரே ஆள் என்று முன்பு ஒரு பகுதியில் பார்த்தோமே, அவரேதான்.

லெப்மன் இரவோடு இரவாக அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நல்ல காகிதத்துக்கு எங்கே போவது? செய்தித்தாள் அச்சிடும் காகிதத்திலேயே 30,000 பிரதிகள் அடித்தார்கள். அட்டை கிடையாது, பைண்டிங் கிடையாது. குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

நாடு பூராவும் சண்டைக்காகவே வளர்க்கப்பட்ட ஒரு தலைமுறையின் கையில், சண்டை போட மறுத்த காளை.

★

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். கண்காட்சியின் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்ட லெப்மனுக்கு மனம் வரவில்லை. நிரந்தரமாக ஒரு நூலகம் வேண்டும் என்று கிளம்பினார். அமெரிக்கா போனார். மறைந்த அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டின் ஆதரவு கிடைத்தது, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணம் கிடைத்தது. 1949 செப்டம்பர் 14 அன்று மியூனிக்கின் கவுல்பாக் தெருவில் ஒரு பழைய மாளிகையில் சர்வதேச இளைஞர் நூலகம் திறந்தது. குழந்தைகள் நேராக அலமாரிக்குப் போய் எடுக்கலாம். புத்தகத்தைப் பற்றி விவாதிக்கலாம், படம் வரையலாம், வேற்று மொழி கற்கலாம். இன்றுவரை உலகத்தின் மிகப் பெரிய சர்வதேசக் குழந்தை நூலகம் அதுதான். 1983-ல் அதே நகரத்தின் புளூட்டன்பர்க் கோட்டைக்குக் குடிபோனது.

அதே 1949-ல் இன்னொரு காரியமும் நடந்தது. மியூனிக்கில் அப்போது எரிக் கேஸ்ட்னர் இருந்தார். ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ எழுதிய கேஸ்ட்னர். லெப்மன் ஒரு கதைக் கரு சொன்னார். மனிதர்கள் மாநாடு போட்டு மாநாடு போட்டு ஒன்றையும் கிழிக்கவில்லை என்று விலங்குகள் எரிச்சலாகி, தாங்களே ஒரு மாநாடு கூட்டுகின்றன. எதற்கும் மசியாத தலைவர்களை வழிக்குக் கொண்டுவர, உலகத்துக் குழந்தைகளையெல்லாம் ஒளித்து வைத்துவிடுகின்றன. கேஸ்ட்னர் அதை எழுதினார். நாஜிகளிடமிருந்து தப்பி நாடு விட்டுப் போயிருந்த வால்டர் டிரையர் படம் போட்டார். கரு தந்தவர் லெப்மன் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

கேஸ்ட்னரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

★

1951 நவம்பர். மியூனிக்.

புத்தகம் சேர்த்தாயிற்று, நூலகம் திறந்தாயிற்று. இப்போது மனிதர்களைச் சேர்க்க வேண்டும். எழுத்தாளர்கள், ஓவியர்கள், பதிப்பாளர்கள், நூலகர்கள், ஆசிரியர்கள் எல்லோரையும் லெப்மன் அழைத்தார். குழந்தைப் புத்தகம் வழியாக நாடுகளிடையே புரிதல், இதுதான் தலைப்பு. ஸ்பெயினின் தத்துவ அறிஞர் ஒர்தேகா ஈ காசெட் பேச வந்தார். குழந்தைப் புத்தகக் கூட்டத்துக்கு ஐரோப்பாவின் பெரிய தத்துவவாதியா என்று புருவம் உயர்ந்திருக்கும். அதற்காகத்தானே கூப்பிட்டதே! குழந்தை இலக்கியத்தைத் திண்ணையில் உட்கார வைத்துப் பழகிய உலகத்தை, நடுக்கூடத்துக்கு அழைத்து வரச்சொல்லும் தந்திரம்.

அந்தக் கூட்டத்தின் முடிவில் ஒரு நிரந்தர அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. 1953-ல் சூரிச்சில் அது முறைப்படி பிறந்தது. இளையோர் நூல்களுக்கான சர்வதேச வாரியம். ஐபிபிஒய் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் தொட்டில் கட்டியதும் யோசித்துச் செய்ததுதான். மியூனிக்கில் வைத்திருந்தால், இது ஜெர்மன் சங்கம் என்று முத்திரை விழுந்திருக்கும்.

அமைப்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதன் சொல்லுக்கு ஒரு மதிப்பு வேண்டும். தீர்மானம் போட்டால் யார் படிப்பார்கள்? ஒரு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, உலகமே, இதைப் பார் என்று சொன்னால்? பத்திரிகைகள் எழுதும். பதிப்பாளர் மொழிபெயர்ப்பார். ஒரு நாட்டுக் கதை இன்னொரு நாட்டுக் குழந்தையின் கைக்குப் போகும். 1946-ல் கெஞ்சிக் கடிதம் எழுதி நடந்த வேலை, இனி பதக்கத்தின் பலத்தில் நடக்கும்.

அந்த விருதுக்கு யாருடைய பெயரை வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய நாட்டுக்காரர் பெயர் வைத்தால் மற்ற பெரிய நாடுகளுக்குப் புகையும். டென்மார்க் சின்ன நாடு. அதுவும் 1940 ஏப்ரலில் ஜெர்மனி ஒரே நாளில் வளைத்துப் போட்ட நாடு. அங்கே ஓடென்சே என்ற ஊரில், செருப்புத் தைப்பவருக்கும் துணி வெளுப்பவருக்கும் 1805-ல் பிறந்த பிள்ளை, தன் மொழியைத் தாண்டி உலகத்துக்கே சொந்தமானான். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். மொழிபெயர்ப்பால் உலகம் சுற்றிய எழுத்துக்கு அவரைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது. இரண்டாண்டுக்கு ஒரு முறை. ஒரு பதக்கம், ஒரு சான்றிதழ். பணமுடிப்பு கிடையாது. ஆரம்பத்தில் ஒரு தனிப் புத்தகத்துக்குத்தான் கொடுத்தார்கள், ஆயுள் சாதனைக்கு அல்ல. பின்னாளில் குழந்தை இலக்கியத்தின் நோபல் என்று உலகம் அழைக்கப்போகிற விருது, சல்லிக்காசு தராமல்தான் அந்தப் பெயரை எடுத்தது.

★

1956. ஸ்டாக்ஹோமில் அமைப்பின் மாநாடு. முதல் விருது யாருக்கு?

எலினார் ஃபார்ஜன். வயது 75. ஊர் லண்டன். ஜெர்மன் விமானங்கள் இரவு இரவாகக் குண்டு போட்ட அதே லண்டன். புத்தகம், 1955-ல் வெளிவந்த ‘குட்டிப் புத்தக அறை’. தான் எழுதியவற்றிலிருந்து தானே பொறுக்கித் தொகுத்த 27 கதைகள், எட்வர்ட் ஆர்டிசோனின் கோட்டோவியங்களோடு.

ஃபார்ஜன் பள்ளிக்கூடம் போனதே இல்லை. பார்வை மங்கல், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் குழந்தை. அப்பா பெஞ்சமின் அந்தக் காலத்தில் பிரபலமான நாவலாசிரியர். வீட்டில் எந்த அறையில் நுழைந்தாலும் புத்தகம். மற்ற அறைகளில் இடம் கிடைக்காத புத்தகங்கள் எல்லாம் வந்து விழுகிற ஒரு சின்ன அறை இருந்தது. யாரும் பெருக்காத அறை. தரையெல்லாம் புத்தகம், காற்றெல்லாம் தூசி. அங்கே உட்கார்ந்து, கண் எரியத் தொண்டை கரகரக்க, பெரியவர்களுக்கானது எது, குழந்தைகளுக்கானது எது என்று பிரித்துப் பார்க்காமல் கைக்குக் கிடைத்ததைப் படித்தாள் அந்தச் சிறுமி. அறுபது வருடம் கழித்து, தன் கதைத் தொகுப்புக்கு அந்த அறையின் பெயரையே வைத்தார்.

அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. பிரிட்டனில் பெண்களுக்குத் தரும் ‘டேம்’ பட்டத்தை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்குப் பால் கொண்டுவருகிறவருக்கும் தனக்கும் நடுவே ஒரு வித்தியாசம் வருவதில் இஷ்டமில்லை என்பது காரணமாம். அப்படிப்பட்டவர் இந்தப் பதக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

எல்லாம் சரி. ஆனால் ஓர் உறுத்தலையும் சொல்லத்தான் வேண்டும். இதே புத்தகத்துக்கு பிரிட்டிஷ் நூலகர்கள் ஏற்கெனவே கார்னகி பதக்கம் கொடுத்திருந்தார்கள். வேலியைத் தாண்டத்தானே இந்த விருது? முதல் முறையே, வேலிக்குள் மாலை வாங்கிய ஆங்கிலப் புத்தகத்தைத்தானா தேர்ந்தெடுக்க வேண்டும்? புத்தகத்தின் தகுதியில் சந்தேகமில்லை. நடுவர்களின் தைரியத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. இன்னொன்றும் கண்ணில் படுகிறது. 1946-ல் மொழி தெரியாத குழந்தைகளைக் கட்டிப்போட்டவை படங்கள். விருதோ எழுத்தாளருக்கு மட்டும். ஓவியர்களுக்கான ஆண்டர்சன் பதக்கம் வர இன்னும் பத்து வருடம் ஆகும், 1966 வரை.

ஆனாலும் நடுவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தைப் படிக்கத் தெரிந்த நடுவர் எல்லா நாட்டிலும் கிடைப்பார். ஃபின்னிஷ், போலிஷ், டேனிஷ் புத்தகங்களை எத்தனை பேரால் மூலத்தில் படிக்க முடியும்? உலகத்துக்கே பொதுவான விருது என்று அறிவிப்பது சுலபம். உலகத்து மொழிகளையெல்லாம் படிக்கும் நடுவர் குழு எங்கே கிடைக்கும்? இந்தச் சிக்கல் ஆண்டர்சன் விருதை விட்டு இன்றுவரை விலகவில்லை. எந்த மொழியின் எழுத்தாளருக்குக் கிடைத்தது, எந்த மொழிக்குக் கிடைக்கவே இல்லை என்று பட்டியலைப் பார்த்தால் புரியும். இந்திய எழுத்தாளர் ஒருவர்கூட இதுவரை வாங்கவில்லை.

★

மறு ஆண்டு, 1957-ல், யெல்லா லெப்மன் நூலகப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றுச் சூரிச்சில் குடியேறினார். இரண்டாவது ஆண்டர்சன் விருது 1958-ல் ஃப்ளோரன்ஸ் நகரில் வழங்கப்படவிருந்தது.

அதே 1957-ல் எரிக் கேஸ்ட்னரின் புதிய புத்தகம் வெளியானது. டிரெஸ்டன் நகரத்தில் தான் சிறுவனாக இருந்த நாட்களைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதிய நினைவுக் கதை. 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் எரித்துத் தரைமட்டமாக்கிய டிரெஸ்டன்.

கேஸ்ட்னர் யார்? 1933 மே 10 அன்று இரவு பெர்லினில் நாஜிகள் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தியபோது, கூட்டத்தில் நின்று தன் புத்தகங்கள் எரிவதைப் பார்த்தவர். நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோ இரண்டு முறை பிடித்துக்கொண்டு போய் விசாரித்தது. எழுதத் தடை விதித்தார்கள். அவரோடு இருந்த எத்தனையோ பேர் நாட்டை விட்டு ஓடினார்கள், லெப்மன் உட்பட. கேஸ்ட்னர் போகவில்லை. பன்னிரண்டு வருடமும் ஜெர்மனியிலேயே இருந்தார். இருந்தது மட்டுமில்லை. 1943-ல், நாஜி பிரசார அமைச்சர் கோயபெல்ஸின் அதிகாரத்தில் இருந்த ஊஃபா திரைப்பட நிறுவனத்தின் வெள்ளி விழாப் படத்துக்கு, விசேஷ அனுமதியோடு, வேறொரு பெயரில் திரைக்கதை எழுதினார்.

புத்தகம் எரிக்கப்பட்டவர். எரித்தவர்களின் படத்துக்கு எழுதியவர். குழந்தைகளுக்காக ஜெர்மன் மொழியில் அன்று அவரளவுக்கு எழுதியவர் வேறு யாரும் இல்லை. விருதைத் தொடங்கி வைத்தவருக்கே நெருங்கிய நண்பர். இத்தனையும் சேர்ந்த ஒரு மனிதரின் பெயர் நடுவர்களின் மேசைக்கு வரப்போகிறது. கூடவே, சுவீடனிலிருந்து ஒரு பெண்ணின் பெயரும்.

குழந்தைகளுக்குப் புத்தகம் அனுப்புவது ஒன்று. போர் முடிந்து பத்துப் பதினைந்து வருடத்துக்குள், ஒரு ஜெர்மன்காரரின் கையில் உலகத்தின் பெயரால் பதக்கத்தைக் கொடுப்பது வேறு. அதுவும் ஜெர்மனியை விட்டுப் போகாதவரின் கையில். நேற்றுவரை எதிரிகளாக இருந்த நாடுகள் அதற்குச் சம்மதிக்குமா?

(தொடரும்)